முன் போர்ஷனுக்குப் போன டைரி

காலையில் கங்கையம்மாளிடம் எடுத்துக் கொடுத்தது தொடர்கதை பைண்டு இல்லை, தன்னுடைய போன வருஷத்து டைரி என்பது வேதசிரோமணிக்கு மாலை ஆறேகாலுக்குத் தெரிந்தது. அலமாரியில் டைரி இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலியாக இருந்தது. பக்கத்தில் தொடர்கதை பைண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோலச் சாய்ந்து நின்றது.

குற்றம் யாருடையது என்று விசாரித்தால் பிரவுன் பேப்பர்தான் மாட்டும். வேதசிரோமணி எதற்கும் அட்டை போடுகிறவர். ரேஷன் கார்டு, கரண்டு கார்டு, கீர்த்தனைப் புத்தகம், மகள் தபீதாளின் பத்தாம் வகுப்புப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. அந்த வீட்டில் அட்டை போடாமல் நடமாடியவர்கள் மனிதர்கள் மட்டும்தான். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தாம்பரத்தில் கொடுத்துத் தைத்து, அதற்கும் அதே அட்டை. டைரிக்கும் அதே. மேலே பெயர் எழுதும் பழக்கம் கிடையாது. எது எது என்று தனக்குத் தெரியும் என்ற கர்வம்.

காலையில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குச் சைக்கிளை மிதிக்கக் கிளம்பும் அவசரத்தில், முன் போர்ஷனிலிருந்து கங்கையம்மாள், படிக்க எதுனா குடுத்துட்டுப் போ சாரு என்று குரல் கொடுத்தாள். ஹவுஸ் ஓனர் குரல் கொடுத்தால் குடித்தனக்காரனின் கை அவனைக் கேட்காமலே அலமாரிக்குப் போகும். போய்விட்டது.

அந்த டைரியில் அரசாங்க ரகசியமோ காதலோ கிடையாது. பதினோரு வருஷமாக வேதசிரோமணி டைரியில் எழுதிவந்தது மூன்றே விஷயம்: இன்றைக்கு என்ன படித்தேன், எங்கே வைத்துப் படித்தேன், யார் கெடுத்தார்கள். முதல் இரண்டும் யாருக்கும் தீங்கில்லாதவை. மூன்றாவதில்தான் கங்கையம்மாள் குடியிருந்தாள்.

சும்மா குடியேறிவிடவில்லை. வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது வேதசிரோமணி. பேப்பர்காரர் சவுரிமுத்து அதை முன் கேட்டுக்குள் வீசிவிட்டுப் போவார். கங்கையம்மாள் எடுத்துக்கொள்வாள். புதன்கிழமை வந்த பத்திரிகை பின் போர்ஷனுக்கு வெள்ளிக்கிழமைதான் வரும். சனிக்கிழமைகளில் அவள் வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் பார்த்தபடி இவர் சைக்கிளைத் துடைப்பார். துடைக்கத் துடைக்க வயிறு எரியும். எரிச்சலை வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் பேனாவால் சொன்னார்.

சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

'மார்ச் 7. சந்தா என்னுடையது, வாசிப்பு ஓனரம்மாவுடையது. பதினாலாம் அத்தியாயம் இரண்டு நாள் பழசாகக் கிடைத்தது. பழைய சோற்றுக்காவது வெங்காயம் உண்டு.'

'ஜூன் 19. ரயிலில், பல்லாவரம் வரை நின்றுகொண்டு, ஆறு பக்கம். கதையில் வில்லி வந்துவிட்டாள். கனத்த குரல், கதவோரம் நின்று ஒட்டுக் கேட்கும் குணம். எழுதியவர் நம் காம்பவுண்டில் குடியிருந்திருக்க வேண்டும்.'

'செப்டம்பர் 2. மோட்டார் போட மறுத்துவிட்டாள். குளிக்காமல் உட்கார்ந்து கடலைப் பற்றிய கட்டுரை, நான்கு பக்கம்.'

நவம்பரில் ஒரு மழை நாளன்று அவளுடைய நடையை ரோடு ரோலரோடு ஒப்பிட்டது ஞாபகம் வந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ரோடு ரோலருக்காவது பிரேக் உண்டு என்று வேறு எழுதியிருந்தார். எழுதியபோது தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் எல்லாம் பார்த்துவிட்டு ஆறு வருஷத்தில் நான்காவது வீடு இது. வேதக்காரர்களா, ஞாயிற்றுக்கிழமை கறி வாசனை வருமே என்று எத்தனையோ வாசல்கள் பாதி திறந்து மூடியிருந்தன. ஒன்றும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்தவள் கங்கையம்மாள் ஒருத்திதான். தபீதாளுக்கு மார்ச்சில் அரசாங்கப் பரீட்சை. இன்னும் ஏழு வாரம். இப்போது போய், வூட்டைக் காலி பண்ணு என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அந்தப் பெண் எந்தத் தெருவில் உட்கார்ந்து கணக்குப் போடும்?

மனைவி ரத்தினபாயிடம் சொல்லவும் வழியில்லை. அந்த மூன்றாவது விஷயத்தில் அவளும் மாதத்துக்கு இரண்டு தடவை வருவாள். 'ரத்தினத்துக்கு எழுத்து என்றால் மளிகைச் சீட்டுதான். கதையின் மர்மத்தை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிறாள்' என்கிற ரகம். சுற்றிவளைத்துத்தான் விசாரிக்க முடிந்தது.

"முன் போர்ஷன்ல ஏதாவது பேச்சு நடந்துதா?"

"அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க," என்றாள் ரத்தினபாய், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

நியாயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் குடிவந்த முதல் நாளே அவர் போட்ட சட்டம் அது. ஓனரோடு பழகினால் சண்டை வரும், சண்டை வந்தால் வீடு போகும் என்பது முந்தின மூன்று வீடுகளில் கற்ற பாடம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, தொடர்கதை பைண்டை எடுத்துக்கொண்டு முன் போர்ஷனுக்குப் போனார். நேற்றுக் கொடுத்தது தவறிப்போய்க் கொடுத்தது, இதைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ரயிலுக்கு நேரமான முகத்தோடு சொன்னார்.

கங்கையம்மாள் பைண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டைரியைக் கொடுக்கவில்லை.

"கெடக்கட்டும் சாரு. அதுவே நல்லாத்தான் கீது. இப்பத்தான் மார்ச்சு மாசம் பொறக்குது."

மார்ச் என்றதும் வேதசிரோமணிக்குப் பழைய சோறும் வெங்காயமும் ஞாபகம் வந்தன. கதை எப்படிப் போகிறது என்று சாதாரணக் குரலில் கேட்டுவைத்தார்.

"ஒரு ஆளு வர்றான். குடித்தனக்காரன். நாள் பூரா புஸ்தகத்துல மூஞ்சிய வெச்சிகினு கட்னவள ஏறெடுத்துப் பாக்கறதில்ல. அவனுக்கு ஒரு நாள் நல்லா கெடைக்கப் போவுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கத்துகிற ஓனர்களை வேதசிரோமணி பார்த்திருக்கிறார். மூன்று பேர் கத்தி மூன்று வீடு மாறியிருக்கிறார். ரசித்துச் சிரிக்கிற ஓனர் அவருக்குப் புதிது. அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் பத்திரிகையைப் பிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரே நாளில் இரண்டு மாதம் முடித்திருக்கிறாள். அந்த வேகத்தில் போனால் ஏப்ரல் இன்றைக்கு. ஜூன் பத்தொன்பது நாளைக்கு. ரோடு ரோலர் சனிக்கிழமை.

புதன்கிழமை ஆபீசில் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்து அரை நாள் லீவு போட்டார். மத்தியானம் கங்கையம்மாள் தூங்குவாள், வராந்தாவில் டைரி கிடக்கும், கையை நீட்டி எடுத்துவிடலாம் என்பது திட்டம். இரண்டு மணிக்குக் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே ஓர் அடி வைத்திருப்பார், முன் போர்ஷனின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது. ஒருத்தி சிரிப்பு இல்லை, கூட்டுச் சிரிப்பு. இருமல் வருகிற அளவுக்குச் சிரித்து, அடங்கி, மறுபடி எழுந்தது.

ஜூன் பத்தொன்பது. தெருப் பெண்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

வேதசிரோமணி வைத்த அடியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே தாம்பரம் ஸ்டேஷனுக்குத் திரும்பி, வழக்கமாக வருகிற ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். வயிற்றுவலி உண்மையாகவே வந்துவிட்டது.

அன்று புது டைரியைத் திறந்து, 'இன்று: பூஜ்யம் பக்கம்' என்று எழுதி மூடினார். யார் கெடுத்தார்கள் என்பதை எழுதப் பேனா வரவில்லை.

"இப்பல்லாம் டைரி சுருக்கமா முடிஞ்சிடுது போல," என்றாள் ரத்தினபாய்.

அவர் டைரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. எழுத ஒன்றுமில்லை என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க. நல்ல பழக்கம். விட்டுடக் கூடாது."

வியாழக்கிழமை காலை கிணற்றடியில் கங்கையம்மாளே கூப்பிட்டுச் சொன்னாள். "கதையில அந்த ஆளு கீறானே, ஓனர்காரியப் பாத்தா பேயப் பாத்தா மாதிரி நடுங்குறான் சாரு. பாவம். அவ ஒண்ணும் பண்ண மாட்டா. அவன் பண்ணதுதான் அவன நடுங்க வெக்கிது."

இதற்குமேல் எந்த நோட்டீஸ் வேண்டும்? ரோடு ரோலர் வருவதற்குள் அவள் மனதைக் குளிரவைத்துவிடுவது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அன்று மாலையே தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு சீப்பு ரஸ்தாளி வந்தது. வெள்ளிக்கிழமை கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டார். அன்று மாலை அவள் வீட்டுக் காலி சிலிண்டரைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். சனிக்கிழமை காலை, எங்களுக்கு மோட்டார் அவ்வளவாக வேண்டியதில்லை, கிணற்றில் இறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, தானே நாலு குடம் இறைத்துக் காட்டினார். நாலாவது குடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது.

கங்கையம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் குடித்தனக்காரர்களைப் பற்றி ஓர் அனுபவம் இருந்தது. இதற்கு முன்னால் இருந்தவர் திடீரென்று ஒரு நாள் அவள் வீட்டுக் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்தார். மறுவாரம் வாசலில் சாமான் ஏற்ற லாரி நின்றது.

"காலி பண்றதுன்னா நேரா சொல்லு சாரு. என் அக்கா புள்ள சின்னப்பன் ஊரப்பாக்கத்துலேர்ந்து வூடு கேட்டுகினே கீறான்."

ஐயோ இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். முதுகுப்பிடிப்பில் முனகல்தான் வந்தது. கங்கையம்மாள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் மட்டும் முதலில் வந்து சேர்ந்தபோது, ஓனரம்மாவின் மாற்றுச் சாவியால் திறந்திருந்த பின் போர்ஷனில் ஒருவர் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். சின்னப்பன்தான். மரியாதையான மனிதர். கட்டிலை இப்படிப் போட்டால் பீரோவை அப்படிப் போடலாம் இல்லையா சார் என்று வேதசிரோமணியிடமே யோசனை கேட்டார். தபீதாளின் படிப்பு மேஜை இருக்கிற மூலையில் அவர் பீரோ போகிறது.

வேதசிரோமணி அந்த மூலையை இன்னொரு தடவை பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். தண்ணீர் உப்பு. மழைக்காலத்தில் பாம்பு வரும். போன கார்த்திகையில் இரண்டு வந்தன. இது எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளலாம், ஆனால் ஓனரம்மா இருக்கிறாளே, அவள் ஒரு மாதிரி. முழுசாகச் சொன்னால் நீங்கள் வீடு பார்க்கவே வரமாட்டீர்கள்.

ஓனரம்மா, கேட்டுக்கொண்டிருப்பவருடைய சொந்தச் சித்தி என்பது கடைசி வார்த்தைக்கு அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சின்னப்பன் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப நன்றி சார் என்று சொல்லி, நேரே முன் போர்ஷனுக்குப் போனார். உப்பு, பாம்பு, சித்தி என்ற வரிசை மாறாமல் ஒப்பித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கங்கையம்மாள் கூப்பிடவில்லை. கதையைப் பற்றியும் பேசவில்லை. மோட்டாரும் ஓடவில்லை. சனி, ஞாயிறு அவள் டைரியைத் தொட்ட மாதிரி தெரியாததால், வேதசிரோமணியின் கணக்குப்படி ரோடு ரோலர் அன்று மத்தியானம் வந்து சேரும்.

ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். டைரியில் எழுதியதெல்லாம் படிக்கிறவனின் பொறாமையே தவிர மனதார எழுதியதல்ல. எல்லா வாசலும் மூடிய நேரத்தில் சாவி கொடுத்த கையை நான் மறக்கவில்லை. பெண் பரீட்சை எழுதி முடிக்கிறவரையாவது இருக்க விடுங்கள், அப்புறம் எங்கள் சாமானை நானே தெருவில் வைக்கிறேன். இந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் கலங்கிப்போய்விட்டது. வேர்வை என்று தானே நினைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு வேண்டுகோள்: 'என் மனைவியைப் பற்றியும் டைரியில் சில வரிகள் உண்டு. தயவுசெய்து அவளிடம் சொல்லிவிட வேண்டாம். அவளுக்குப் படிக்கும் பழக்கம் இல்லை. ஆகவே தாங்கள் சொன்னால் ஒழிய அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.'

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு போர்ஷனிலும் பாத்திரம் தேய்க்கிற அம்மணியிடம் கடிதத்தைக் கொடுத்து, ஓனரம்மா கையில் மட்டும் கொடு, வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அம்மணி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு ரயில் பல்லாவரம் தாண்டியதும் சைதாப்பேட்டை தாண்டியதும் அவருக்குத் தெரியாது.

மாலை வீடு திரும்பியபோது பின் போர்ஷன் வாசலில் கங்கையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு பிரவுன் அட்டைகள். ரத்தினபாயும் தபீதாளும் கடைக்குப் போயிருந்தார்கள். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்துவிட்டார். அது மெதுவாகச் சரிந்து செம்பருத்தியில் விழுந்தது.

"இன்னா சாரு, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுக்கு நாலு பக்கம் லெட்டரா?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"காலி பண்ற ரோசனையே இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சின்னப்பன அலைய உட்டிருப்பனா? பேஜார் பண்ணிட்ட. பாம்பு வருதுன்னு சொன்னியாமே. வர்றது வாஸ்தவந்தான். அதுக்காக வந்தவங்கிட்ட சொல்லுவாங்களா?" குரல் இறங்கியது. "பொண்ணு இங்கியே குந்திகினு நல்லா பரீச்ச எழுதட்டும். அப்புறம் காலேஜும் இங்கேர்ந்தே போவட்டும்."

வேதசிரோமணி குனிந்து சைக்கிளை நிமிர்த்தினார். வீடு போகவில்லை. மேஜை அந்த மூலையிலேயே இருக்கும். அவ்வளவையும் படித்துவிட்டு ஒரு மனுஷி இப்படிச் சொல்கிறாள் என்றால், பதினோரு வருஷம் படித்ததில் தான் என்ன கற்றோம் என்று வெட்கமாக இருந்தது. டைரியை நீட்டியபடி கங்கையம்மாள் தொடர்ந்தாள்.

"கத முடிஞ்சிட்ச்சி. நல்ல கத. முடிவுதான் எனக்குப் புடிக்கல. அந்த ஆளுக்கு இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். கட்னவ போனாப் போவுதுன்னு மன்னிச்சு உட்டுட்டா. நானா இருந்தா உட்டிருக்க மாட்டேன்."

டைரியின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'டிசம்பர் 31. இவ்வருஷம் மொத்தம் 4112 பக்கம். திருப்தி.' மன்னிப்பும் இல்லை, மன்னித்தவளும் இல்லை. இருந்தாலும் தலையாட்டினார். வீட்டைத் திருப்பிக் கொடுத்தவளிடம் முடிவைப் பற்றி விவாதிக்கக் கூடாது.

"லெட்டரும் நல்லாத்தான் எழுதிகீற. எனக்கு வாச்சவ தங்கம், அவ அரும இத்தினி நாளு எனக்குத் தெரியலேன்னு வருதே, அங்க எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. ஈஸ்டருக்கு அதுக்குப் பட்டுப்பொடவ எடுத்துத் தர்றேன்னு வாக்கு குடுத்துகீற. நான் சாட்சி. எடுக்கல, அன்னிக்கு நெசமாவே காலி பண்ணச் சொல்லுவேன்."

அவள் போய்விட்டாள். வேதசிரோமணி டைரியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்த நாலு பக்கமும் அவருக்கு மனப்பாடம். அதில் தங்கமும் கிடையாது, பட்டும் கிடையாது.

பின்னால் குழாயடியில் அம்மணி குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் காப்பாற்றிய கடிதத்தைச் சுமந்துபோனவள் என்ற நன்றியோடு அவள் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அம்மணி, ஓனரம்மாவுக்கு இப்பக் கொஞ்சம் ஞாபகப் பிசகா? பாவம், நான் எழுதாததையெல்லாம் எழுதியிருக்கிறதாச் சொல்றாங்க."

அம்மணி நிமிராமலே சொன்னாள். "அந்தம்மாவுக்கு எழுத்து ஏது சார்? நீங்க குடிவந்த நாளா, தெனம் மத்தியானம் உங்கூட்டு அக்காதானே வந்து எல்லாத்தையும் படிச்சுக் காட்டிகினு கீது."